லைஃப் போனா ஜாய்ஸ்டிக்கைக் கொடு

போன இதழில் ஒரு வாசகர், "சின்ன வயசில் எதற்காக அதிகம் அடி வாங்கினீர்கள்?" என்று கேட்டிருந்தார். வீடியோ கேமுக்காக என்று நாலு வரி பதில் எழுதினேன். தண்டையார்பேட்டையில் எங்கள் தெருமுனையில் இருந்த கடை, ஒரு ரூபாய்க்கு ஒரு ஆட்டம், அவ்வளவுதான் எழுதியது. அதற்கு வந்த அளவுக்குக் கடிதங்களும் மெயில்களும் இந்தப் பகுதிக்கு இதுவரை வேறு எதற்கும் வந்ததில்லை. ராயபுரம், வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை, திருவொற்றியூர் என்று பெரும்பாலும் நம்ம பக்கத்து ஆட்கள். அதனால் இந்த வாரம் அரசியல், சினிமா கேள்வியெல்லாம் கொஞ்சம் காத்திருக்கட்டும்.

பரணைச் சுத்தம் செய்யும்போது என் பழைய கேம் பெட்டி, இரண்டு ஜாய்ஸ்டிக், துப்பாக்கி, நாலு கேசட் எல்லாம் கிடைத்தன. புது எல்இடி டிவியில் மாட்டினேன். ஐந்தாறு தடவை கேசட்டை ஊதி ஊதிப் போட்டதும் படம் வந்துவிட்டது. மாரியோ ஓடுகிறான். ஆனால் வாத்து சுடும் ஆட்டத்தில் ஒரு வாத்துகூட விழவில்லை. துப்பாக்கி போய்விட்டதா? எங்கே கொடுத்து ரிப்பேர் செய்வது?
— வாசகர், புது வண்ணாரப்பேட்டை

துப்பாக்கி நன்றாகத்தான் இருக்கும் சார், தயவுசெய்து அதைக் கழற்றிவிடாதீர்கள். உங்கள் டிவி புதுசு, அதுதான் விஷயம்.

அந்தத் துப்பாக்கியிலிருந்து எதுவும் வெளியே போவதில்லை, டிவியின் வெளிச்சம்தான் அதற்குள்ளே போகிறது. குழல் நுனியில் ஒரு லென்ஸ், அதற்குப் பின்னால் வெளிச்சத்தை உணர்கிற ஒரு சின்னக் கண். நீங்கள் ட்ரிக்கரை இழுத்ததும் திரை ஒரு கணம் முழுக்கக் கறுப்பாகும், உடனே வாத்து இருக்கிற இடத்தில் மட்டும் ஒரு வெள்ளைக் கட்டம் வந்து போகும். பளிச்சென்று மின்னல் மாதிரி தெரியுமே, ஞாபகம் இருக்கிறதா? கறுப்பின்போது இருட்டும் வெள்ளையின்போது வெளிச்சமும் அந்தக் கண்ணுக்குத் தெரிந்தால் வாத்து காலி. முதலில் எதற்குக் கறுப்பு என்றால், யாரும் ட்யூப் லைட்டைக் குறிவைத்துச் சுட்டு ஏமாற்றக் கூடாது என்பதற்கு. நாங்களும் அதைச் செய்து பார்த்திருக்கிறோம், ஒரு வாத்தும் விழவில்லை. ஏன் என்பது எனக்கு முப்பது வயதுக்கு மேல்தான் தெரிந்தது.

பழைய பிக்சர் ட்யூப் டிவி படத்தை மேலிருந்து கீழாகக் கோடு கோடாக வரையும், நொடிக்குப் பதினைந்தாயிரம் கோட்டுக்கு மேல். துப்பாக்கிக்குள் இருக்கிற கண் அந்தத் துடிப்பைத்தான் தேடுகிறது. எல்இடி டிவி அப்படி வரைவதில்லை, போதாததற்கு உள்ளே வந்த படத்தைச் சற்றுத் தாமதித்துத்தான் காட்டும். வெள்ளைக் கட்டம் திரைக்கு வருவதற்குள் பெட்டி 'குறி தப்பு' என்று முடிவு செய்துவிடுகிறது. ஆகவே நீங்கள் தேட வேண்டியது ரிப்பேர் கடையை இல்லை, ஒரு பிக்சர் ட்யூப் டிவியை. 2006-ல் ஆரம்பித்து அரசு இலவசமாகக் கொடுத்ததே 14 அங்குலக் கலர் டிவி, அது உங்கள் சொந்தக்காரர் யார் வீட்டிலாவது துணி போர்த்தி மூலையில் கிடக்கும். விசாரித்துப் பாருங்கள். கிடைத்துவிட்டால் இன்னொன்றும் செய்யுங்கள்: ஒற்றை வாத்து வருகிற முதல் ஆட்டத்தில், கூட இருப்பவர் ஜாய்ஸ்டிக்கைப் பிடித்தால் வாத்தை அவர் இஷ்டத்துக்குப் பறக்கவிடலாம். எங்கள் தெருவில் இது யாருக்குமே தெரியாது. தெரிந்திருந்தால் எத்தனை சண்டை வந்திருக்கும்!

அப்புறம், கேசட்டை இனிமேல் ஊதாதீர்கள். ஊதினால் தூசி போகிறது என்றுதான் நாம் எல்லோரும் நம்பினோம். உண்மையில் வேலை செய்தது, கழற்றித் திரும்ப மாட்டியதுதான். பின்கள் கொஞ்சம் இடம் மாறி நல்ல இடத்தில் படும், அவ்வளவே. ஊதும்போது போகிற எச்சில் ஈரம் அந்தச் செம்புப் பட்டைகளைத்தான் அரிக்கும். ஏற்கெனவே நம்ம பக்கம் கடற்காற்று, சைக்கிள் செயினிலிருந்து ஜன்னல் கம்பிவரை எதையும் விட்டுவைக்காது. மொபைல் சர்வீஸ் கடைகளில் போர்டு துடைக்க ஐசோபுரோபைல் ஆல்கஹால் வைத்திருப்பார்கள். அதில் கொஞ்சம் வாங்கி, காது குடையும் பஞ்சுக் குச்சியில் தொட்டு, பட்டைகளைத் துடையுங்கள், பஞ்சில் கறுப்பாக வருவது நிற்கும்வரை. நன்றாகக் காய்ந்த பிறகு மாட்டுங்கள். பழைய அடாப்டரை நம்ப வேண்டாம். பெட்டியின் அடியில் எத்தனை வோல்ட், நடு முனை பிளஸா மைனஸா என்று ஒட்டியிருப்பதைப் படித்துவிட்டு அதற்கேற்ற புதுசு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

என் கேசட்டில் 9999999 ஆட்டம் என்று போட்டிருந்தது. எண்ணிப் பார்த்தால் பத்துகூட இல்லை. இதில் என்ன வித்தை?
— வாசகர், பெரம்பூர்

வித்தை ரொம்பச் சுலபம். இருக்கிற சில ஆட்டங்களையே மெனுவில் திரும்பத் திரும்ப வேறு வேறு பெயரில் போட்டுவிடுவார்கள். ஒன்றில் முதல் ஸ்டேஜிலிருந்து ஆரம்பிக்கும், இன்னொன்றில் மூன்றாவது ஸ்டேஜ், வேறொன்றில் லைஃப் அதிகம். வரிசை எண் மட்டும் போய்க்கொண்டே இருக்கும். கடல் படம் போட்ட மெனு, மேலே பறவைகள் பறக்கும், அதில் பக்கம் பக்கமாகத் தள்ளிக்கொண்டு எங்கேயாவது ஒரு புது ஆட்டம் ஒளிந்திருக்காதா என்று ஒரு முழு மே மாதம் தேடியிருக்கிறேன். 412-வது நம்பரில் கிரிக்கெட் இருக்கிறது என்று ஒருவன் சத்தியம் செய்திருந்தான்.

ஆனால் அந்த நிஜமான ஏழெட்டு ஆட்டங்களைக் குறைவாக நினைக்காதீர்கள். 1985 செப்டம்பரில் ஜப்பானில் வந்த முதல் சூப்பர் மாரியோ மொத்தமே 40 கிலோபைட்தான். காலையில் வாட்ஸாப்பில் வருகிற ஒரு குட்மார்னிங் படம்கூட அதைவிடப் பெரிசு. அதற்குள் 8 உலகம், உலகத்துக்கு 4 ஸ்டேஜ், 32 ஸ்டேஜும் பாட்டும் எதிரிகளும் அடங்கியிருக்கின்றன. இடம் போதாது என்பதால் மேகத்துக்கும் கீழே இருக்கிற புதருக்கும் ஒரே படத்தைத்தான் போட்டார்கள், நிறம் மட்டும் வேறு. அடுத்த தடவை பாருங்கள், வெள்ளை அடித்தால் மேகம், பச்சை அடித்தால் புதர். அதை உருவாக்கிய ஷிகேரு மியாமோட்டோவும் தகாஷி தெசுகாவும் இருந்த இடத்துக்குள் குடித்தனம் நடத்திய விதம் எனக்கு எங்கள் ஹவுசிங் போர்டு வீட்டில் அம்மா சமாளித்ததைத்தான் நினைவுபடுத்துகிறது. பகலில் கட்டில், ராத்திரி அதே கட்டிலுக்கு அடியில் இரண்டு பேர் படுக்கை.

நாம் விளையாடிய பெட்டியும் அசல் கிடையாது. நின்டெண்டோ 1983 ஜூலையில் ஜப்பானில் விட்ட ஃபாமிகாம் என்கிற பெட்டியின் நகல்கள்தான் வேறு வேறு பெயர்களில் பர்மா பஜார் வழியாக நம்ம வீடுகளுக்கு வந்தன. அசலை நான் இதுவரை கையால் தொட்டதில்லை. நகல் வராமல் இருந்திருந்தால் நம்ம தெருவில் ஒருத்தருக்கும் மாரியோ யார் என்று தெரிந்திருக்காது, அதையும் சொல்லியாக வேண்டும்.

'முஸ்தபா கேம்' என்று வியாசர்பாடியில் நாங்கள் பைத்தியமாக விளையாடிய ஆட்டத்தின் நிஜப் பெயர் என்ன? அதை இப்போது காசு கொடுத்து முறையாக வாங்க முடியுமா? என் வாழ்க்கையிலேயே ஒரே ஒரு தடவைதான் அதை முழுசாக முடித்தேன்.
— வாசகர், வியாசர்பாடி

ஒரு தடவை முடித்தீர்களா! எங்கள் கடையில் அப்படி ஒருவர் இருந்தார், ஸ்டேட் லெவல் கேரம் பிளேயருக்குக் கொடுக்கிற மரியாதையை அவருக்குக் கொடுத்தோம்.

பெயர் 'காடிலாக்ஸ் அண்ட் டைனோசர்ஸ்'. ஜப்பானின் காப்காம் 1993-ல் வெளியிட்டது. மார்க் ஷுல்ட்ஸ் என்கிற அமெரிக்க ஓவியர் வரைந்த 'ஜீனோசோயிக் டேல்ஸ்' படக்கதையிலிருந்து எடுத்தது. ஜாக், ஹன்னா, முஸ்தபா, மெஸ் என்று நாலு பேர். தொப்பி போட்ட முஸ்தபாதான் வேகம், ஓடிவந்து எகிறி உதைப்பான், அதனால் நம்ம ஊரில் ஆட்டத்துக்கே அவன் பெயர் வந்துவிட்டது. மூன்றாவது ஸ்டேஜில் காரை எடுத்துக்கொண்டு எதிரே வருகிறவர்களை இடித்துத் தள்ளிக்கொண்டே போவோமே, அந்தக் கார்தான் காடிலாக். நாங்கள் அதை அம்பாசிடர் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தோம்.

முறையாக வாங்க வழி இல்லை, இதுதான் எனக்கு உண்மையிலேயே வருத்தம். கதையும் பாத்திரங்களும் வெளியார் உரிமை என்பதால் கடைகளில் நின்ற அந்தப் பெரிய பெட்டியைத் தாண்டி வீட்டில் விளையாடுகிற வடிவத்தில் அது வரவே இல்லை. 2018-ல் காப்காம் தன் பழைய அடிதடி ஆட்டங்கள் ஏழைச் சேர்த்து ஒரு தொகுப்பு விட்டபோது ஆசையாகப் பட்டியலைப் பார்த்தேன், அதிலும் இல்லை. வீடியோ கேம் வரலாற்றைப் பாதுகாக்கிற ஓர் அமெரிக்க அமைப்பு 2023-ல் கணக்கெடுத்ததில், 2010-க்கு முன் அங்கே வெளியான ஆட்டங்களில் 87 சதவீதம் இன்று விற்பனையிலேயே இல்லை என்று தெரியவந்தது. பழைய பாட்டு கேட்க வேண்டும் என்றால் ஆயிரம் வழி இருக்கிறது. பழைய ஆட்டத்துக்கு அது இல்லை.

அந்தப் பெட்டி எனக்கு இன்னும் அப்படியே கண்ணில் நிற்கிறது. ஆள் உயர மரப்பெட்டி, ஸ்டிக்கின் தலையில் சிவப்பு உருண்டை, அடிக்கிற பட்டன் ஒன்று உள்ளே போனால் திரும்ப வராது, கடைக்காரர் காதில் சொருகி வைத்திருக்கும் தீக்குச்சியால் நெம்பி எடுப்பார். அடுத்த ஆட்டம் எனக்கு என்பதற்கு அடையாளமாகக் கண்ணாடியின் கீழ் விளிம்பில் ஒரு ரூபாய் காசை நிற்கவைக்க வேண்டும். நாலு காசு வரிசையாக நின்றால் நாலு பேர் பின்னால் நிற்கிறார்கள் என்று அர்த்தம். யார் காசு எது என்று எப்படித்தான் தெரியுமோ, ஒரு நாளும் குழப்பம் வந்ததில்லை. காசே இல்லாமல் நிற்கிறவர்கள்தான் அதிகம், நானும் பல நாள் அப்படித்தான். பார்த்தே படித்துவிடுவோம். எந்தப் பீப்பாயை உடைத்தால் சாப்பாடு வரும், எந்த மூலையில் நின்றால் அடி விழாது, எல்லாம் பார்வையிலேயே மனப்பாடம். கையில் ஒரு ரூபாய் கிடைக்கிற அன்றைக்கு அதை வீணாக்கக் கூடாது என்பதால். இன்றைக்கும் அந்த முதல் ஸ்டேஜை என்னால் கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியும். போன வாரம் இரண்டு நாள் உட்கார்ந்து விளையாடிய புது ஆட்டம் ஒன்றில் ஓர் இடம்கூட ஞாபகத்தில் இல்லை. நிறையக் கிடைத்ததாலோ என்னவோ.

பெயர் வேண்டாம். 1996 மே லீவில் அப்பா சட்டைப் பையிலிருந்து தினம் ஒரு ரூபாய் எடுத்து வீடியோ கேம் ஆடினேன். அப்பா ஹார்பரில் மூட்டை தூக்கியவர். காசு குறைவது தெரிந்து என் தங்கையை அடித்தார், ஐஸ் வாங்கித் தின்கிறாள் என்று நினைத்து. நான் வாய் திறக்கவில்லை. அப்பா இறந்து ஒன்பது வருடம் ஆகிறது. எல்லோரும் இந்த ஆட்டங்களைப் பற்றிச் சந்தோஷமாகப் பேசும்போது எனக்கு மட்டும் நெஞ்சு அடைக்கிறது. தங்கை கல்யாணமாகி மீஞ்சூரில் இருக்கிறாள்.
— ஒரு வாசகர், ராயபுரம்

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். அப்பாவை நினைத்து எழுதியிருக்கிறீர்கள், ஆனால் அடி வாங்கியது தங்கை. அவர் மீஞ்சூரில்தான் இருக்கிறார், கும்மிடிப்பூண்டி வண்டி ஏறினால் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போய்விடலாம். போய்ச் சொல்லுங்கள். போனில் வேண்டாம். அவருக்கு அந்த அடி மறந்து போயிருக்கலாம், அப்படியே மனசில் இருந்தும் இருக்கலாம். இருந்தால், தான் எடுக்காத காசுக்கு அடி வாங்கிய குழந்தைக்கு அதை யார் எடுத்தது என்று இத்தனை வருஷம் கழித்தாவது தெரிய வேண்டும் இல்லையா. கோபப்பட்டால் பட்டுக்கொள்ளட்டும், கேட்டுக்கொள்ளுங்கள். சின்ன வயதில் நீங்கள் செய்ததற்கு இதற்குமேல் தண்டனை தேவையில்லை என்பது என் எண்ணம். போகும்போது ஐஸ்க்ரீம் வாங்கிக்கொண்டு போங்கள். போய்வந்து எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.

இந்த விஷயத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாம் ஆண்களாகவே இருக்கிறீர்களே, நாங்கள் விளையாடவில்லையா? பக்கத்து வீட்டில் மதியம் எல்லோரும் தூங்கியதும் டேங்க் கேம் ஆடி 35 ஸ்டேஜும் முடித்தவள் நான்.
— வாசகி, திருவொற்றியூர்

விளையாடினீர்கள், நன்றாகவே விளையாடினீர்கள். போன இதழில் அதை எழுதாமல் விட்டது என் தப்பு. கடைக்குள் பெண் பிள்ளைகள் காலெடுத்து வைக்க முடியாது. வாசலில் நின்றாலே வீட்டுக்குச் சேதி போய்விடும். அதனால் உங்கள் ஆட்டம் முழுக்க வீட்டுக்குள், ஒளித்து, சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு. எங்கள் வீட்டில் அக்காதான் டேங்க் கேமில் ராணி. நாம்கோ கம்பெனியின் 'பேட்டில் சிட்டி' என்று தேடினால் வரும், 1985-ல் வந்தது. கீழே நடுவில் ஒரு கழுகு, சுற்றிச் செங்கல், ஒரு ஸ்டேஜுக்கு இருபது எதிரி டேங்க். நான் மேலே போய்ச் சுட்டுக்கொண்டிருப்பேன், அக்கா கழுகைவிட்டு ஒரு அடி நகராது. நான் அவசரத்தில் திரும்பும்போது என் குண்டு அக்கா டேங்கில் பட்டுவிடும். பட்டால் சாகாது, ஆனால் கொஞ்ச நேரம் மினுக் மினுக்கென்று அசையாமல் நின்றுவிடும், சரியாக அந்த நேரம் பார்த்துத்தான் எதிரி செங்கலை உடைத்துக்கொண்டு வருவான். கழுகு போச்சு என்றால் இரண்டு பேருக்கும் ஆட்டம் போச்சு. "லைஃப் போனா ஜாய்ஸ்டிக்கைக் கொடு" என்பது எங்கள் வீட்டுச் சட்டம், அந்தச் சட்டத்தைப் போட்டதும் அக்காதான். மண்வெட்டி வந்தால் அதை எடுக்க என்னை அனுப்பும், செங்கல் இரும்பாகிவிடும் இல்லையா, அந்த நேரத்தில் மட்டும்தான் அக்கா மேலே வந்து சுடும். நாங்கள் 17-ஐத் தாண்டியதில்லை. 35 என்றால் அக்காவிடம் சொல்லுகிறேன், உங்களைப் பார்க்க வந்தே தீரும்.

கான்ட்ரா ஆட்டத்தில் 30 லைஃப் வருகிற ரகசியக் கோடு (code) மறந்துவிட்டது. சொல்ல முடியுமா?
— வாசகர், எண்ணூர்

மேல, மேல, கீழ, கீழ, லெஃப்ட், ரைட், லெஃப்ட், ரைட், பி, ஏ, அப்புறம் ஸ்டார்ட். இதைக் கண்டுபிடித்தவர் கான்ட்ராவைச் செய்த கொனாமி கம்பெனியில் வேலை பார்த்த கசுஹிசா ஹஷிமோட்டோ. 1986-ல் 'கிரேடியஸ்' என்கிற ஆட்டத்தை வீட்டுப் பெட்டிக்கு மாற்றும்போது, சோதித்துப் பார்க்க அவருக்கே அது ரொம்பக் கஷ்டமாக இருந்ததாம், அதனால் தனக்காக வைத்துக்கொண்டது. 2020-ல் காலமானார். எங்கள் தெருவுக்கு இந்தக் கோடு லீவுக்கு அத்தை வீட்டுக்குப் போய் வந்த ஒரு பையன் மூலம் வந்தது, உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டு வந்தான்.

என் மகனுக்குப் பத்து வயது. எப்போதும் போனில் கேம். எங்கள் காலத்து ஆட்டம்தான் நல்ல ஆட்டம் என்றால் சிரிக்கிறான். நீங்களே சொல்லுங்கள், எது நல்லது?
— வாசகர், கொருக்குப்பேட்டை

நல்லது, கெட்டது இரண்டு பக்கமும் உண்டு, பையன் சிரிப்பதில் நியாயம் இருக்கிறது. கடையில் இருந்த ஆட்டங்கள் மூன்று நிமிடத்தில் நம்மைச் சாகடித்து அடுத்த ரூபாயைக் கேட்பதற்கென்றே செய்யப்பட்டவை, அதை மறந்துவிடக் கூடாது. எனக்கு இருக்கிற ஒரே குறை, அவன் கையில் இருக்கிற ஆட்டங்களில் பல முடிவதே இல்லை. தினமும் வா, பரிசு தருகிறேன், வராவிட்டால் போய்விடும் என்று கூப்பிட்டுக்கொண்டே இருக்கின்றன. நம்ம ஆட்டத்துக்கு முடிவு இருந்தது, முடிவுக்கு முன்னாலேயே கரண்ட் போகும், சேவ் கிடையாது, மறுபடி முதலிலிருந்து. அவனோடு சண்டை போடாமல் இரண்டு பேர் சேர்ந்து ஆடுகிற ஏதாவது ஒன்றை டிவியில் போட்டு, ஒரு ஜாய்ஸ்டிக்கை அவன் கையில் கொடுங்கள். முதல் வாரம் நீங்கள் ஜெயிப்பீர்கள், அதற்கப்புறம் அவன்தான்.

உங்கள் பெட்டி இன்னும் இருக்கிறதா?
— வாசகர், காசிமேடு

இல்லை. நான் காலேஜ் போன வருஷம் அம்மா அதை, இரண்டு ஜாய்ஸ்டிக்கோடும் பழைய பேப்பரோடும் சேர்த்து, தெருவில் வந்த பழைய சாமான்காரரிடம் போட்டுவிட்டு ஒரு பிளாஸ்டிக் குடம் வாங்கிக்கொண்டார். சாயந்திரம் வந்து பார்த்துவிட்டு இரண்டு நாள் நான் அம்மாவோடு பேசவில்லை. பச்சைக் குடம், வாய் விளிம்பு ஒரு பக்கம் லேசாக விரிந்திருக்கிறது. லாரித் தண்ணீர் பிடிக்க இப்போதும் நான் அதைத்தான் எடுத்துக்கொண்டு போகிறேன்.